மேடையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்: பினாங்குத் தமிழ் அமைப்புகளின் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் விழாக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தீவிலும் அக்கரையில் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரங்களிலும் நீங்கள் நடத்துகிற பொங்கல் விழா, தமிழ்மொழி விழா, தமிழ்ப்பள்ளிக் கலை இரவு, நூல் வெளியீடு, பாராட்டு விழா ஆகியவற்றுக்குப் பந்தலும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்து இறக்குகிறவர்களில் நானும் ஒருவன். 22 ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு. உங்கள் விழாவை நீங்கள் முன்வரிசையிலிருந்து பார்க்கிறீர்கள். நான் கூட்டத்தின் கடைசியில் ஒலிக்கலவைப் பெட்டிக்குப் பின்னால் நின்று, வந்திருப்பவர்களின் முதுகைப் பார்க்கிறேன். எந்தப் பேச்சின் எத்தனையாவது நிமிடத்தில் கைப்பேசிகள் வெளியே வருகின்றன, எப்போது முதல் குடும்பம் எழுந்து கார் நிறுத்துமிடத்தை நோக்கி நடக்கிறது, சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடி திறக்கும் ஓசை கேட்டதும் எத்தனை தலைகள் ஒரே நேரத்தில் பின்னால் திரும்புகின்றன என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. இந்த மடலை எழுதுவதற்கு எனக்குள்ள தகுதி அது ஒன்றுதான்.

அண்மையில் ஓர் அமைப்பின் குழுக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு விழா உலகத் தரத்தில் இருக்க வேண்டும், வெளிநாடுகளில் இப்போது என்னென்ன புதுமைகள் செய்கிறார்கள் என்று ஒரு பட்டியல் கொடுங்கள் என்றார்கள். பெரிய எல்இடி திரை, மேடையிலிருந்து பீறிடும் புகை, வானத்தில் எழுத்துக் காட்டும் டிரோன்கள் என்று நான் அடுக்குவேன் என எதிர்பார்த்தது அவர்கள் முகத்தில் தெரிந்தது. அப்படி அடுக்கினால் இலாபம் எனக்குத்தான். ஆனால் உலகின் பல மூலைகளில் தொடங்கி ஊர் ஊராகப் பரவிய விசித்திர நிகழ்ச்சிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு படித்து வருகிறவன் என்ற முறையில், அன்று என்னால் அந்தப் பட்டியலைக் கொடுக்க முடியவில்லை. ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை பணத்தைக் கொட்டிப் பரவியவை அல்ல. ஒரு வழக்கத்தை மாற்றி வைத்ததால் பரவியவை. அந்த மாற்றமும் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஒன்றாகவே இருக்கிறது: வந்தவரைச் சும்மா உட்கார வைக்காமல், அவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

நம்முடைய வழக்கத்தை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. இறைவாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, நினைவுச் சின்னம், மீண்டும் பொன்னாடை, நடுவில் இரண்டு நடனம், அதிர்ஷ்டக் குலுக்கல், நன்றியுரை, சாப்பாடு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலை இரவில் சிறப்பு விருந்தினர் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அவர் வராமல் தொடங்கக் கூடாது என்று குழுவினர் கண்டிப்பாக இருந்துவிட்டார்கள். முதல் நடனத்துக்கு ஒப்பனை செய்துகொண்டு காத்திருந்த சிறுமிகளில் ஒருத்தி, என் ஒலிபெருக்கிப் பெட்டிகளைப் போர்த்தி வந்த துணியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் தூங்கிப்போனாள். எழுப்பியபோது கண் மை கன்னம் வரைக்கும் வழிந்திருந்தது. அவளுடைய ஆசிரியை எச்சில் தொட்ட கைக்குட்டையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேடையில் மூன்றாவது பொன்னாடைக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டைப் போட வேண்டிய நான் சிறுமியையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருடைய தவறு என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. விருந்தினர் வேண்டுமென்றே தாமதிக்கவில்லை, குழுவினரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நிகழ்ச்சி நிரல் அப்படி எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்த நிரலை வேறு மாதிரி எழுதியவர்களைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டு ரோஸ்கில்ட இசை விழாவில், வன்முறைக்கு எதிராக இயங்கிய கோப்பன்ஹேகன் இளைஞர் சிலர் ஒரு நூலகத்தைத் திறந்தார்கள். ரோனி அபெர்கெல் என்பவர் அவர்களில் முன்நின்றவர். அந்த நூலகத்தில் நூல்களுக்குப் பதிலாக மனிதர்கள் இருந்தார்கள். காவல்துறைக்காரர், சுவரில் கிறுக்கும் இளைஞர், பெண்ணுரிமைக்காரர் என்று 50க்கும் மேற்பட்ட தலைப்புகள் இருந்தன. வாசகர் ஒரு தலைப்பைத் தேர்ந்து, அந்த மனிதரைச் சிறிது நேரத்துக்கு இரவல் பெற்று, எதிரே உட்கார்ந்து, கேட்கத் தயங்கும் கேள்விகளையும் கேட்கலாம். நாள்தோறும் எட்டு மணி நேரம், நான்கு நாள்கள் அது நடந்தது. மேடையும் இல்லை, பேச்சாளரும் இல்லை. வாசகர் கேட்டால்தான் புத்தகம் பேசும் என்ற ஒரே விதி. மனித நூலகம் என்ற பெயரோடு அது பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது நம் வண்ணான்துறை. ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் சலவைத் தொழில் செய்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அந்த இடத்தின் பெயர் மலாய்க்காரர் வாயிலும் ஆங்கிலத் தெருப்பலகையிலும் 'டோபி காட்' என்று இருந்தாலும், தமிழர் வாயில் இன்றும் வண்ணான்துறைதான். அந்தத் துறையில் வளர்ந்த ஒரு பெரியவரைப் பொன்னாடை போர்த்தி மேடையில் உட்கார வைத்தால் அவர் இரண்டு நிமிடம் கைகூப்பிவிட்டு இறங்கிவிடுவார். அவரையே ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, இடைநிலைப்பள்ளி மாணவர் மூன்று பேரை எதிரே அமர்த்தி, வெள்ளைக்காரர் வீட்டுத் துணிக்கு நீலம் எந்த அளவில் போடுவார்கள், யார் வீட்டுத் துணி எது என்று கண்டுபிடிக்க என்ன குறி வைப்பார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதாது. அதே போலத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், ரப்பர் பால்வெட்டுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்த தோட்டத்து அம்மா, லெபோ பாசார் தெருவில் முப்பது ஆண்டாகப் பூக்கட்டுகிறவர், தோளில் காவுத்தடி சுமந்து நாசி கண்டார் என்ற குழம்புச் சோறு விற்ற தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் பேரன் என்று பத்துப் பேர் கிடைக்க மாட்டார்களா? அச்சிட்ட பட்டியல் ஒன்று, பத்துப் பெஞ்சு, ஒரு கைமணி. செலவு இவ்வளவுதான். ஒலிபெருக்கியே வேண்டாம் என்பதை என் வயிற்றில் அடித்துக்கொண்டு சொல்கிறேன்.

அடுத்தது ஹெல்சிங்கி. பின்லாந்தில் உணவகம் திறக்க வேண்டுமானால் நிரப்ப வேண்டிய படிவங்களைப் பார்த்துச் சலித்துப்போன சில நண்பர்கள், 2011 மே மாதத்தில் ஒரு நாளை அறிவித்து, அன்று யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் ஒரு நாள் உணவகம் நடத்தலாம் என்றார்கள். சிலர் பூங்காவில் கடை போட்டார்கள். சிலர் தங்கள் வீட்டுக் கூடத்தையே திறந்துவிட்டார்கள். மாடி வீட்டுச் சன்னலிலிருந்து கூடையில் கயிறு கட்டிப் பலகாரம் இறக்கி விற்றவர்களும் உண்டு. அது ஆண்டுக்கு நான்கு முறை நடக்கும் உணவக நாளாக வளர்ந்து, பிற நாடுகளுக்கும் போனது. இதைப் படிக்கிற மலேசியத் தமிழருக்குச் சிரிப்பு வரும். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து, வருகிறவர் யார் என்று கேட்காமல் சோறு போடும் திறந்த இல்ல உபசரிப்பை நாம் எப்போதிருந்தோ செய்து வருகிறோம். ஆனால் அதையும் நம் அமைப்புகள் மண்டபத்துக்குள் கொண்டுபோய், உணவு ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்து, பிரமுகருக்குத் தனி மேசை போட்டு, வரிசையில் நிற்கும் நிகழ்ச்சியாக மாற்றிவிட்டோம். பத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவந்து தாங்களே பரிமாறும் ஒரு மாலை, ஒப்பந்தக்காரரின் மீகூன் அரிசிச் சேமியாவைவிடக் கூட்டத்தை நெடுநேரம் பிடித்து வைக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு: நம் நாட்டில் உணவை விற்பதற்கு உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் தேவை. ஆகவே காசுக்கு விற்கும் திட்டம் இருந்தால் முன்கூட்டியே மாநகர் மன்றத்திடம் பேசிவிடுவது நல்லது. படிவத்துக்கு அஞ்சாத தைரியம் பின்லாந்துக்காரர்களுக்கு இருக்கலாம், நமக்கு அபராதச் சீட்டு வரும்.

பாரீசில் 1988இல் பிரான்சுவா பாஸ்கியே என்பவர் நண்பர்களைப் பொது இடம் ஒன்றுக்கு இரவு உணவுக்கு அழைத்தார். கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள எல்லாரும் வெள்ளை உடுத்தி வர வேண்டும் என்றார். இன்று அந்த வெள்ளை விருந்து பல கண்டங்களில் நடக்கிறது. இடம் எது என்று கடைசி நேரம் வரை சொல்ல மாட்டார்கள். மேசை, நாற்காலி, சாப்பாடு, தட்டு எல்லாவற்றையும் வருகிறவர்களே சுமந்து வர வேண்டும். வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் சுழற்றினால் விருந்து தொடங்கிவிட்டது என்று பொருள். முடிந்ததும் ஒரு காகிதத் துண்டுகூடக் கிடக்காமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது வெள்ளை உடையும் அல்ல, இரகசிய இடமும் அல்ல. விழா முடிந்த இரவு பதினொன்றரை மணிக்கு 400 நாற்காலிகளையும் அவற்றின் கீழே கிடக்கும் பாக்கெட் பானப் பெட்டிகளையும் என் பையன்கள் நான்கு பேர் பொறுக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கடைசி விதியின் அருமை புரியும்.

இனி உரைகளுக்கு வருவோம். டோக்கியோவில் 2003இல் ஆஸ்ட்ரிட் கிளைன், மார்க் டைத்தம் என்ற கட்டடக் கலைஞர் இருவர் ஓர் இரவு நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். கட்டடக் கலைஞர்களிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது என்பது தங்கள் தொழிலைப் பற்றி அவர்களுக்கே இருந்த கவலை. எனவே ஒருவருக்கு 20 படங்கள், ஒவ்வொரு படமும் திரையில் 20 நொடிகள், படம் தானாக மாறிவிடும் என்று வைத்தார்கள். மொத்தம் 6 நிமிடம் 40 நொடியில் பேச்சு முடிந்துவிடும். பெச்சா குச்சா என்று அதற்குப் பெயர். ஜப்பானிய மொழியில் அரட்டைச் சத்தம் என்று பொருள். நகரத்துக்கு நகரம் பரவி, இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகரங்களில் அது நடந்திருக்கிறது. நம் நிகழ்ச்சி நெறியாளர்கள் துண்டுச்சீட்டு நீட்டியும் இருமியும் மேடையோரம் வந்து நின்றும் சாதிக்க முடியாத ஒன்றை ஒரு கணினி சாதிக்கிறது. பேசுகிறவருக்கும் அவமானம் இல்லை, ஏனென்றால் எல்லாருக்கும் அதே அளவு. தமிழ் ஆர்வலர் பத்துப் பேரை இப்படி மேடையேற்றிப் பாருங்கள். ஒருவர் தம் தாத்தாவின் கப்பல் பயணச்சீட்டைக் காட்டட்டும், இன்னொருவர் தம் வீட்டுக் கீரைப் பாத்தியைக் காட்டட்டும், ஓர் ஆசிரியை தம் வகுப்பறைச் சுவரைக் காட்டட்டும். ஒன்றேகால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்து சாப்பாடு சூடாக இருக்கும்.

பேச்சைப் பற்றிச் சொல்லும்போது தென்கொரியத் தலைநகரை விட முடியவில்லை. 2014இல் சியோல் நகரின் நடுத்திடலில் ஒரு கலைஞர் சும்மா இருக்கும் போட்டி ஒன்றை நடத்தினார். பேசக் கூடாது, தூங்கக் கூடாது, கைப்பேசியைத் தொடக் கூடாது. இதயத் துடிப்பை அவ்வப்போது அளப்பார்கள். பார்வையாளரின் வாக்கை அதிகம் பெற்றவர்களில் துடிப்பு மிகச் சீராக இருப்பவருக்கு வெற்றி. ஓயாமல் உழைக்கும் நகரத்தாருக்கு அது ஒரு கேள்வியாக இருந்தது. நம் விழாக்களின் பின்வரிசைக்காரர்கள் அந்தப் போட்டிக்குப் போனால் இரண்டாவது சிறப்புரையிலேயே பயிற்சி பெற்றவர்களாக இருப்பார்கள் என்று ஒரு நாள் என் உதவியாளர் சொன்னார். நான் சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் சிரித்துவிட்டேன்.

ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா 2009 அக்டோபரில் தொடங்கிய பழுதுபார்ப்புக் கூடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடைந்த விசிறி, ஓடாத தையல் இயந்திரம், கிழிந்த சட்டை எதுவானாலும் கொண்டுவரலாம். தெரிந்தவர் பழுதுபார்ப்பார், கொண்டுவந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே கற்றுக்கொள்வார். இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இவை நடக்கின்றன. நம் ஆலய மண்டபங்களில் ஞாயிறு காலை எத்தனை மின்தொழிலாளர்களும் தையற்காரம்மாக்களும் பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மெக்சிகோவின் ஒஹாக்கா நகரத்தில் டிசம்பர் 23ஆம் நாள் இரவு முள்ளங்கி இரவு என்று ஒரு விழா. கிறிஸ்துமஸ் சந்தையில் வாடிக்கையாளர் கண்ணை இழுப்பதற்காகக் காய்கறி வியாபாரிகள் முள்ளங்கியில் உருவம் செதுக்கி வைத்த வழக்கத்தை, 1897இல் நகரத்தார் போட்டியாக மாற்றினார்கள். அதற்கென்றே பெரிதாக வளர்த்த முள்ளங்கியில் தேவமாதாவும் ஆட்டக்காரர்களும் மாட்டு வண்டியும் உருவாகும். சில மணி நேரத்தில் எல்லாம் வாடிப்போகும், ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். இங்கே நம் கையில் குருத்தோலை இருக்கிறது. கிளி, மயில், பாம்புப் பின்னல், மாவிலையோடு தொங்கும் சங்கிலி என்று ஓலையை மடக்கித் தோரணம் கட்டத் தெரிந்த கைகள் இந்தத் தீவில் இன்னும் மிச்சம் இருக்கின்றன. கலியாணப் பந்தல் வேலைக்கு வரும் ஒரு பெரியவர் பேசிக்கொண்டே, ஓலையைப் பார்க்காமலேயே, நகத்தால் கீறி மூன்று மடிப்பில் ஒரு கிளியைச் செய்து என் மகளிடம் கொடுத்தார். அவள் அதை இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். இப்போது மண்டப வாசலில் தொங்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக் தோரணம். கோலப் போட்டி வைக்கும் அதே திடலில் ஓலைப் போட்டி ஒன்று வைத்தால், அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் நடுவராக வந்து உட்காருவார்கள். பரிசுக்குரிய முதல் மாணவர்களும் அவர்களிடமிருந்தே தோன்றுவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாவிட்டால் இந்த மடல் ஒருபக்கமாகிவிடும். ஸ்பெயினின் புன்யோல் ஊரில் ஆகஸ்டு மாதக் கடைசிப் புதன்கிழமை தக்காளி எறியும் விழா 1945 முதல் நடக்கிறது. உலகமே வந்து குவிந்ததால் ஊர் தாங்காமல், 2013 முதல் சுமார் 20,000 பேர் என்று வரம்பு கட்டி நுழைவுச்சீட்டு போட்டார்கள். அதைப் பார்த்து இந்தியாவில் பெங்களூரிலும் மைசூரிலும் 2011இல் அதே போல நடத்த முயன்றபோது, உணவுப் பொருளை வீணாக்குவதா என்ற எதிர்ப்பு எழுந்து, கர்நாடக அரசு அனுமதிக்கவில்லை. ஸ்பானியர்களுக்கு அது அந்த ஊரின் சொந்த விளையாட்டு. வேறு ஊரில் கொண்டுபோய் இறக்கினால் காலில் மிதிபடும் தக்காளி மட்டுமே மிஞ்சுகிறது. சோற்றுப் பருக்கையைச் சிந்தினால் பாட்டி அதட்டிய வீட்டில் வளர்ந்த நமக்கு இது கூடுதலாகவே உறைக்கும். ஆகவே வெளிநாட்டுக் காட்சியை அப்படியே தூக்கிவர வேண்டாம். அங்கே எந்த வழக்கத்தை மாற்றினார்கள் என்பதைப் பார்த்து, அந்த இடத்தில் நம் பொருளை வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

உண்மையில் அந்த வேலையை நம் ஊர் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. யுனெஸ்கோ 2008 ஜூலை 7ஆம் நாள் ஜோர்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்ததையொட்டி 2010இல் ஜோர்ஜ்டவுன் விழா தொடங்கியது. அந்த விழாவுக்கு எத்தனையோ நாட்டுக் கலைக்குழுக்கள் வந்து போயின. ஆனால் 2012 விழாவுக்காக எர்னெஸ்ட் சக்கரேவிச் லெபோ ஆர்மேனியன் சுவரில் இரண்டு பிள்ளைகளை வரைந்து, அவர்களுக்கு முன்னால் உண்மையான மிதிவண்டி ஒன்றைப் பொருத்தி வைத்தாரே, அதன் முன்னால் இன்றும் வரிசை நிற்கிறது. சுவரில் படம் பாதிதான். நாம் போய்ப் பின்னால் ஏறி உட்காருவதுபோல் நின்றால்தான் மீதி நிறைகிறது. பக்கத்துத் தெருக்களில் அதைவிடப் பெரிய, அழகான ஓவியங்கள் உண்டு. அவற்றைப் பார்த்துவிட்டு நடந்துவிடுகிறோம்.

இன்னும் கிட்டத்தில் பார்த்தால் தைப்பூசம். லெபோ பினாங் கோயில் வீட்டிலிருந்து அதிகாலையில் வெள்ளித் தேர் புறப்பட்டு, தண்ணீர்மலை நகரத்தார் ஆலயம் போய்ச் சேர இரவாகிவிடும். 2017 முதல் முருகனின் வேல் ஏந்தித் தங்கத் தேரும் வலம் வருகிறது. வழிநெடுக உடைபடும் தேங்காய்களில் எத்தனை சீனக் குடும்பங்களுடையவை என்று உங்களுக்கே தெரியும். அந்தத் திருவிழாவில் பார்வையாளர் என்று யார்? தேங்காய் உடைப்பவர், சிதறியதை வாரி ஒதுக்குபவர், காவடியின் பின்னால் பாடி வருபவர், தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுபவர், காவடி தூக்கும் அண்ணனின் பாதத்துக்கு வாளியில் தண்ணீர் ஊற்றும் பொடியன் என்று எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. யாரும் மணி பார்ப்பதில்லை. மறுவாரம் மண்டபத்தில் நடக்கும் கலை இரவில் அதே மக்களைக் கொண்டுவந்து வரிசையில் உட்கார வைத்துக் கைதட்டச் சொல்கிறோம். அந்தக் கைதட்டல் எப்படி இருக்கிறது என்று என் கலவைப் பெட்டியின் முள்ளைப் பார்த்துச் சொல்வேன்.

தண்ணீர்ப் பந்தல்களில் சில ஆண்டுகளாகக் கேட்கும் அதிரடி இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் என் போன்றோருக்கும் பங்குண்டு, ஒப்புக்கொள்கிறேன். பந்தலுக்குப் பந்தல் போட்டி போட்டுப் பெட்டிகளை அடுக்கி, பக்திப் பாடலைத் தவிர மற்றதெல்லாம் ஒலிக்கவிட்ட ஆண்டுகள் உண்டு. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் இரவில் சத்தத்துக்குக் கட்டுப்பாடு இருந்ததால் 2005இல் ஆட வந்தவர்களுக்கெல்லாம் காதொலிப்பான் கொடுத்து, வெளியே ஓசையே இல்லாத ஆட்டக் கூடம் நடத்தினார்கள். காதில் மாட்டாதவர் கண்ணுக்கு நூற்றுக்கணக்கானோர் மௌனத்தில் குதிப்பதுபோல் தெரிந்திருக்கும். தைப்பூசத்துக்கு அது வேண்டாம். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நடுவே நீங்கள் நடத்தும் இளைஞர் இரவுகளுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். மேலே ஒன்பதாவது மாடியில் கைக்குழந்தையோடு ஒரு தாய் இருக்கிறாள் என்பதை நினைவில் வையுங்கள்.

பிரமுகர்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். மானியம் தருகிறவரை மேடையேற்றாமல் முடியுமா, அடுத்த ஆண்டு அந்தக் கதவைத் தட்ட வேண்டாமா என்ற உங்கள் கவலை நியாயமானதுதான், அதை நான் கேலி செய்யவில்லை. அவருக்கும் ஒரு வேலையைக் கொடுங்கள் என்பதுதான் என் பதில். மாண்புமிகு அவர்களை மனித நூலகத்தில் அரை மணி நேரம் வாசகராக உட்கார வையுங்கள். வண்ணான்துறைப் பெரியவர் முன்னால் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் படம், எட்டாவது நினைவுச் சின்னத்தோடு நிற்கும் படத்தைவிட நாளிதழில் பெரிதாக வரும் என்பது அவருடைய உதவியாளருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அவர் பேச விரும்பினால் அவருக்கும் 20 படம், 20 நொடி.

முதியவர்கள் வெயிலிலும் படிக்கட்டிலும் அல்லாடக் கூடாது, மழைக்காலமான செப்டம்பர் முதல் நவம்பர் வரை திறந்தவெளியை நம்பக் கூடாது, சைவமும் ஹலாலும் தெளிவாகப் பிரித்து எழுதி வைக்க வேண்டும், தெருவில் நடத்துவதானால் காவல்துறைக்கும் மாநகர் மன்றத்துக்கும் நேரத்தோடு மனு போட வேண்டும். இவையெல்லாம் நீங்கள் அறியாதவை அல்ல. லெபோ பந்தாய் ஞாயிறு காலைகளில் வண்டிகளுக்கு மூடப்பட்டு மக்களுக்கு விடப்பட்டதைப் பார்த்திருப்பீர்கள். தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரம் 1974இல் தொடங்கி ஞாயிறுதோறும் செய்து வருவதும் அதுதான். அங்கே இப்போது 120 கிலோமீட்டருக்கும் மேல் சாலைகள் மிதிவண்டிக்கும் நடைக்கும் திறந்திருக்கின்றன. தெருவைக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கும்போது, மண்டப வாடகையில்தான் விழாப் பணத்தில் பெரும்பகுதி போக வேண்டும் என்ற அவசியம் இல்லை.

நான் கேட்பது மிகச் சிறியது. உங்கள் அமைப்பு ஆண்டுக்கு ஐந்து நிகழ்ச்சி நடத்தினால் நான்கை இப்போதுபோலவே நடத்துங்கள். குத்துவிளக்கும் பொன்னாடையும் இருக்கட்டும், அவற்றுக்குரிய மதிப்பை நான் மறுக்கவில்லை. ஐந்தாவதை மட்டும் மேடையில்லாமல் நடத்திப் பாருங்கள். மனித நூலகம், ஓலைப் போட்டி, 6 நிமிடம் 40 நொடிப் பேச்சு, பழுதுபார்ப்பு என எது உங்களுக்குக் கைவருமோ அது. அந்த ஒரு மாலைக்கு நாற்காலிக்கும் இரண்டு ஒலிவாங்கிக்கும் நான் வாடகை வாங்க மாட்டேன். முதலில் முன்வரும் மூன்று அமைப்புகளுக்கு இது பொருந்தும். அதற்கு மேல் என் வீட்டில் கேள்வி கேட்பார்கள்.

நாள் குறித்ததும் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நாற்காலியை வரிசையாகப் போடுவதா, வட்டமாகப் போடுவதா என்பதை. வட்டமானால் பிரமுகர் இருக்கைக்கு நான் கொண்டுவரும் வெல்வெட்டு உறைகள் தேவைப்படாது, ஒரே லாரியில் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
பந்தலும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடும் ஒருவன்,
பினாங்கு.